போய்ப் பார்த்து எழுதுவோம்

மம்சாபுரத்தில் கூடிய ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோருமான நாங்கள், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே செய்தி எழுதக் கற்றுத்தரும் இயக்கம் ஒன்றை இன்று தொடங்குகிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. முதல் இதழை எழுதும் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு எழுத வராது என்று யாரும் சொல்ல முடியாது. குறிப்புகளைக் கொடுத்தால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று 'நீர் மேலாண்மை' பற்றி இரண்டு பக்கம் மளமளவென்று எழுதிவிடுவார்கள். ஊர்க் கண்மாயில் இந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அதில் ஒரு வரி இருக்காது. அதற்காக மதிப்பெண்ணும் குறையாது. எங்கள் வருத்தம் அதுதான். காலை வழிபாட்டில் தினமும் செய்தி வாசிக்கிறார்கள். டெல்லி வரும், வாஷிங்டன் வரும், மம்சாபுரம் வராது.

இங்கே செய்திக்கா பஞ்சம்? மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகிறது. அந்தக் காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. 'யானை அட்டகாசம், விவசாயிகள் வேதனை' என்று நாளிதழ்களில் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். யாருடைய தோப்பு, எத்தனை மரம், இழப்பீட்டுக்கு மனு கொடுத்தாரா, வனத்துறை என்ன பதில் சொன்னது? பகல் நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையோடு போய் இவ்வளவையும் கேட்டுவரப் பத்தாம் வகுப்பு மாணவியால் முடியும். ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கும் அக்காவைப் பேட்டி எடுக்க அவள் வீட்டுத் திண்ணையே போதும்.

ஆகவே எங்கள் வகுப்பில் கேள்வி கேட்பதே முதல் பாடம். எழுத்து பிறகு. முக்கியமானது முதல் வரியிலேயே வர வேண்டும், முடிவுரை கிடையாது. 'பொதுமக்கள் அவதி' என்று எழுதினால் தாள் திரும்பி வரும்: எந்தத் தெரு, யார், எத்தனை நாளாக? பேரூராட்சி அலுவலகத்தின் பதிலைக் கேட்காமல் அதன்மேல் புகார் போட மாட்டோம். 'ஊர் கூடி முடிவெடுத்தது' என்று எழுதுகிறவரிடம், எந்தெந்தத் தெருக்காரர்கள் வந்தார்கள், யாரைக் கூப்பிடவில்லை என்று கேட்போம். எங்கள் பகுதியில் அது சின்னக் கேள்வி இல்லை.

1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், செய்தியாளர்களுக்காக 'இதழாளர் கையேடு' எழுதினார். அதிகம் படிக்காதவருக்கும் செய்தி புரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எங்களுக்கு வேண்டும். தலைப்பில் போடும் கூச்சலை அந்த நாளிதழிடமே விட்டுவிடுகிறோம்.

விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டம் கல்லூரிப் பிள்ளைகளுக்கானது. அதுவரை காத்திருப்பானேன்? 2017-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பிட்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், தங்கள் பள்ளிக்குத் தலைமையேற்க வரவிருந்தவரின் பட்டங்களைச் சரிபார்த்தார்கள். அவற்றை வழங்கியதாகச் சொன்ன நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. பள்ளி இதழில் அதை வெளியிட்டார்கள். சில நாட்களில் அவர் விலகிக்கொண்டார். அதே நாட்டில்தான், ஹேசல்வுட் பள்ளி இதழிலிருந்து முதல்வர் இரண்டு பக்கங்களை நீக்கியது செல்லும் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டையும் மனதில் வைத்தே சொல்கிறோம்: தலைமையாசிரியர் இதழை முன்கூட்டியே படிக்கலாம். எதையாவது நீக்கினால் காரணத்தை எழுதித் தர வேண்டும். அந்தக் காரணமும் இதழில் வரும்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, தெரு எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். நாங்களும் வெளியிட மாட்டோம். இதில் விவாதமே இல்லை.

முதல் இதழ் கையெழுத்துச் சுவரிதழ். பள்ளி வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவோம். டீக்கடைக்காரர் இடம் கொடுத்தால் அங்கேயும். செய்தியில் பிழை என்று யாராவது சுட்டிக்காட்டி அது உண்மையாகவும் இருந்தால், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், எழுதிய மாணவரின் கையாலேயே திருத்தம் வரும்.