நாலு வாரச் சந்தையும் ஒரு ராத்திரித் திருவிழாவும்

ஒருவழியாக செமஸ்டர் முடிந்தது. எப்படி எழுதினேன் என்று யாரும் கேட்காதீர்கள் :-) கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி இன்று எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மாமா பையன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். போன டிசம்பரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, சனி, ஞாயிறு இரண்டு நாளில் நூரெம்பெர்க், ஸ்ட்ராஸ்பூர்க் என்று இரண்டு ஊர் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்த்துவிட்டு வந்து, குடும்ப வாட்ஸப் குழுவில் நாற்பது படம் போட்டான். மரத்தால் செய்த குட்டிக் குட்டிக் கடைகள், தோரண விளக்குகள், கையில் ஆவி பறக்கும் கோப்பை. அம்மா பார்த்துவிட்டு, "எவ்வளவு நறுவிசா இருக்கு பாரு. நம்ம ஊர் தீபத்துக்கு நடக்கக்கூட எடம் கெடையாது" என்றார்கள். பக்கத்தில் இருந்த அத்தை வேறு ஒன்று கேட்டார்கள். "அந்தக் கடைங்கள எத்தன நாளு போடுவாங்க?"

"நாலு வாரம் அத்தை."

"நாலு வாரமா? எனக்கு நாலு நாள்கூட இல்லியேடா..."

அத்தை கார்த்திகைக்கு அகல் விளக்கும் பொரியும் விற்பவர்கள். அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

முதலில் அந்த ஊர்ச் சந்தையைப் பார்ப்போம். அது ஒன்றும் நேற்று முளைத்த சுற்றுலா இல்லை. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரச் சந்தை 1434இல் தொடங்கியது. ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570இல். குளிர் இறுகுவதற்குள் ஊர்க்காரர்கள் பண்டிகைக்கு வேண்டிய இறைச்சி, ரொட்டி, கூடை, பொம்மை வாங்குவதற்காகக் கூடிய கூட்டம் அது. அதாவது கோயில் திருவிழாவை ஒட்டி நம் ஊரில் கடை போடுகிறார்களே, அதே கதைதான். பண்டிகை, குளிர், கடைத்தெரு மூன்றும் சேர்ந்து ஒரு சந்தையாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை அவர்கள் கணக்கு வைத்துக் கொண்டாடுவதால் சந்தையும் ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கிறது. இன்று வருகிறவன் இன்று பார்ப்பான், அடுத்த வாரம் வருகிறவன் அடுத்த வாரம் பார்ப்பான். எந்தக் கடைக்காரரும் ஒரே நாளை நம்பி இல்லை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். வெளியூர் நண்பர்கள் பலருக்குத் தீபம் என்றால் ஒரு நாள். மலைமேல் கொப்பரையில் தீபம் ஏற்றுவார்கள், "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கத்துவோம், 14 கிலோமீட்டர் சுற்றுவோம், பஸ் பிடிப்போம். அவ்வளவுதான். ஆனால் உண்மையில் கொடியேற்றத்திலிருந்து மகாதீபம் வரை பத்து நாள் திருவிழா. ஏழாம் நாள் பஞ்சரதங்கள் மாடவீதியில் ஓடும். பத்தாம் நாள் விடியற்காலையில் பரணி தீபம், மாலை 6 மணிக்கு 2,668 அடி மலையுச்சியில் மகாதீபம். அதன்பிறகு ஐயங்குளத்தில் தெப்பம். பலருக்குத் தெரியாத சங்கதி இனிமேல்தான் இருக்கிறது. மலைமேல் தீபம் அன்றோடு அணைந்துவிடுவதில்லை. பதினோரு நாட்கள் எரியும்! மாலையானால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம்.

சந்தைக்கும் குறைச்சல் இல்லை. தேரடி வீதியில் பாத்திரம், வளையல், பொம்மை, பொரி உருண்டை. இன்னொரு பக்கம் ராட்டினம். திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். மூக்கணாங்கயிறு, சலங்கை, சாட்டை விற்கிற கடைகளைப் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். சின்ன வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து குதிரையைப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐரோப்பாவில் இருந்தால் இதற்காகவே விமானம் ஏறி வருவார்கள். நாம் குதிரைச் சந்தை எங்கே கூடுகிறது என்றுகூடக் கேட்பதில்லை.

ஆக, மகாதீப நாள் இரண்டிலும் பொதுவானாலும், நம்மிடமும் பத்தும் பதினொன்றுமாக இருபது நாள் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரம்! ஆனால் எல்லோரும் வருவது ஒரே ராத்திரி. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.45 லட்சம் பேர் வாழும் ஊர் இது. அந்த ஒரு ராத்திரிக்கு அதைப்போலப் பல மடங்கு ஜனம் வந்து இறங்குகிறது. பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுகிறார்கள். கூட்டம் போக வழி வேண்டுமே, அதனால் முதலில் அப்புறப்படுத்தப்படுவது யார்? நடைபாதைக் கடைக்காரர்கள்தான். ஒரு வருஷம் தீபத்தன்று மத்தியானம் அத்தையின் கடையை மூன்று முறை நகர்த்தச் சொன்னார்கள். மூன்றாவது முறை கூடை கவிழ்ந்து அகல் பாதி உடைந்தது. நகர்த்தச் சொன்னவரையும் குறை சொல்ல முடியாது, அவ்வளவு கூட்டம். மறுநாள் காலையில் தெருவே காலி. மிச்சமிருந்த விளக்கை யாரிடம் விற்பது?

கடைக்காரர் கஷ்டம் மட்டும் இல்லை. மலைக்கும் ஒரு அளவு இருக்கிறது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த வருஷம் 13ஆம் தேதி மகாதீபம். பக்தர்கள் மலையேற அனுமதி கிடையாது என்று அறிவித்தார்கள். சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது. ஈரம் காயாத மலைமேல் ஆயிரக்கணக்கில் ஏறுவது பக்தியா என்ன?

"அந்த 6 மணி தரிசனமும் கோப்பையில் சூடாகக் குடிப்பதும் ஒன்றா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அர்த்தநாரீஸ்வரர் வெளியே வரும் அந்தச் சில நிமிடத்துக்காகவே வருகிறவர்கள் கட்டாயம் வரட்டும். அதற்கு ஈடு வேறு நாளில் கிடையாது. நான் சொல்வது மற்றவர்களுக்கு. "சும்மா ஒருதடவை பார்த்துட்டு வரலாம்டா" என்று கிளம்பும் என் வகுப்பு நண்பர்களைப் போன்றவர்களுக்கு. ஊர்க்காரர்களும் கேட்பார்கள், "ஒரு நாள் தொல்லை போதாதா, பதினோரு நாள் வேண்டுமா?" என்று. கூட்டம் பிரிந்தால் அது தொல்லையாக இருக்காது, வியாபாரமாக இருக்கும் என்பது என் கட்சி.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. 2016இல் பெர்லினிலும் 2024இல் மாக்டெபுர்க்கிலும் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டியை ஏற்றிக் கொன்றார்கள். இப்போது தடுப்புகளுக்கு நடுவில்தான் பல சந்தைகள் நடக்கின்றன. எங்கிருந்தோ வந்த மலிவுப் பொருள்களை விற்கிறார்கள் என்ற புகாரும் உண்டு (நம்ம பிளாஸ்டிக் பொம்மைக் கடை மாதிரி!). ஆனால் ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம். அங்கே குடிக்கக் கொடுக்கும் கோப்பைக்கு சில யூரோ முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பி வரும். அதனால் தெருவில் கோப்பை கிடப்பதில்லை. "இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா?" என்று சிரிக்காதீர்கள். நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்கே பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். குடிகாரர்கள் செய்ததை, கிரிவலப் பாதையில் டீ குடிக்கும் பக்தர்கள் செய்ய மாட்டார்களா?

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பதினோரு நாளும் கடை போட ஒரு நிரந்தர இடம், குடிதண்ணீர், கழிப்பறை. நம் பங்குக்கு, வருகிற நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது. இப்போது சென்னை கடற்கரையிலிருந்தே ரயில் வருகிறது (2024 மே மாதத்திலிருந்து). மகாதீபம் முடிந்து நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வாருங்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். மாடவீதியில் மெதுவாக நடங்கள். தலையைத் தூக்கினால் மலைமேல் அதே தீபம்தான் தெரியும்.

அத்தை கடையில் அகல் இருக்கும். பேரம் மட்டும் பேசாதீர்கள் :-)