தாயின் கையெழுத்து

தர்மபுரி ஜில்லாவில், பாலக்கோட்டுக்குச் சமீபமான ஒரு கிராமத்திலிருந்து நம் நேயர்களில் ஒருவரான சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. பக்கத்து அணைக்கட்டின் அருகில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே வசிக்கும் ஒரு மாது ஆசிரியையிடம் வந்து கண்ணீர் விட்டாளாம். அவளுடைய தங்கை கணவனை இழந்து, இரண்டு குழந்தைகளுடன் இலங்கையில் தனியே தவிக்கிறாள். எப்படியாவது அம்மூவரையும் இக்கரை சேர்த்துவிட வேண்டும். படகுக்காரனுக்குக் கொடுக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். "நாங்கள் பத்துக் குடும்பத்தார் சேர்ந்து வசூல் செய்து கொடுக்கலாமா?" என்று சகோதரி நம்மைக் கேட்கிறார்.

கேள்வி மிகவும் நல்ல கேள்வி. கேட்ட மனம் அதைவிட நல்ல மனம். ஆகவே பதிலை அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

கடலே கண்ணுக்கெட்டாத தர்மபுரிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் பழையது. 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி தனி ஜில்லாவாகும் வரையில் தர்மபுரி, சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. திருச்சி, மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போனது போலவே சேலம் ஜில்லாவிலிருந்தும் ஏழைக் குடியானவர்கள் கங்காணிகளின் பின்னால் புறப்பட்டு, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். இன்று அகதிகள் வந்திறங்கும் மண்டபம் முகாம், அக்காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலியாட்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த இடந்தான். ஒரே வாசல், போனதும் அவ்வழி, வந்ததும் அவ்வழி.

அந்நாளில் தோட்டத்துக் கூலிக்குத் 'துண்டு' என்று ஒரு காகிதம் உண்டு. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடன் வளர வளரத் துண்டு கனத்தது; மனிதன் இளைத்தான். 1921-ல்தான் அவ்வழக்கம் சட்டத்தினால் ஒழிந்தது. ஆனால் காகிதத்தின் ஆட்சி ஒழியவில்லை. இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ஆம் வருஷத்திலேயே அந்நாட்டுப் பிரஜா உரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை எந்த நாட்டுக்கும் பிரஜைகள் அல்லாதவராக்கிற்று. 1964 அக்டோபரில் ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேருக்கு 1974-ல் மற்றொரு உடன்படிக்கை வந்தது. தராசில் நிறுத்துப் பிரித்த அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை தாய்மார்கள், எத்தனை கைக்குழந்தைகள்!

பிறகு 1983 ஜூலைக் கலவரமும், அதைத் தொடர்ந்து 2009 வரை நீடித்த யுத்தமும் வந்தன. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஜனங்கள் படகேறினார்கள். வந்தவர்களைத் தமிழ்நாடு சர்க்கார் பல ஜில்லாக்களிலும் குடியமர்த்திற்று. தர்மபுரி ஜில்லாவில் தும்பலஅள்ளி, நாகாவதி, வாணியாறு என்று அணைக்கட்டுகளின் பெயரால் அம்முகாம்களை ஜனங்கள் அழைக்கிறார்கள். தற்காலிகமாக வந்தவர்கள் அங்கேயே மணம் புரிந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பேரனையும் கண்டார்கள். 2021-ஆம் வருஷக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். அவ்வருஷம் சர்க்கார் ரூ. 317 கோடியில் நலத்திட்டங்களை அறிவித்து, முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் சூட்டியது. குடும்பத் தலைவருக்கு மாதம் ரூ. 1,500, மற்றப் பெரியவர்களுக்கு ரூ. 1,000, குழந்தைக்கு ரூ. 500 என்று உதவித் தொகையை உயர்த்தியது. இடிந்த வீடுகளுக்குப் பதில் புது வீடுகள் கட்டவும் முனைந்தது. இவையெல்லாம் பாராட்டத் தக்கவை.

2022-ஆம் வருஷத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி வறண்டு, பால் மாவும் மண்ணெண்ணெயும் மருந்தும் கிடைக்காமற் போனபோது மறுபடியும் படகுகள் புறப்பட்டன. மார்ச் 22-ஆம் தேதி முதலாவதாக வந்தவர்களில் ஒரு பகுதியினரைத் தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரர்கள் போய்விட்டார்கள். கைக்குழந்தையுடன் ஒரு தாயும் அவர்களில் இருந்தாள். கடற்காவற் படையினர் போய் மீட்டார்கள். பசித்த குழந்தையை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கிய அத்தாயைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? நமக்கு வராது.

அவ்வருஷமே தமிழ்நாட்டு ஜனங்கள் 40,000 டன் அரிசியும், 500 டன் பால் மாவும், மருந்துகளும் இலங்கைக்கு அனுப்பி வைப்பதென்று தீர்மானித்து, மே மாதத்தில் முதற் கப்பலை அனுப்பினார்கள். வந்தவளுக்கு இடம் கொடுப்பது எவ்வளவு தர்மமோ, வராமலே அவள் பிழைப்பதற்கு வழி செய்வதும் அவ்வளவு தர்மம் என்பதை நாம் மறக்கலாகாது.

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். வசூல் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். ஆனால் படகுக்காகச் செய்ய வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம்.

கடலின் அபாயம் ஒரு காரணம். ஆனால் அதுவே முழுக் காரணமல்ல. கரை சேர்ந்த பிறகு வரும் அபாயத்தை நம்மில் அநேகர் அறியோம். 1951-ஆம் வருஷத்து அகதிகள் சாசனத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. நம் நாட்டில் அகதிக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அந்நியர் சட்டமே அவளுக்கும் சட்டம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி வெளியான உத்தரவு, பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட்டும் விஸாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்லதுதான். ஆனால் அவ்விலக்கு 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரையில் வந்து தஞ்சம் புகுந்தவர்களுக்கே. இன்று இரவு படகேறும் தாய்க்கு அதில் இடமில்லை. அயல்நாடுகளிலிருந்து வந்த சிலருக்குப் பிரஜா உரிமை வழங்க 2019-ல் செய்த சட்டத் திருத்தத்திலும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காள தேசம் ஆகிய மூன்றின் பெயரே உண்டு. இலங்கையின் பெயர் இல்லை.

குழந்தைகளின் கதையோ இன்னும் வேடிக்கையானது. வேடிக்கை என்று சொல்லும்போதே நெஞ்சு வலிக்கிறது. 1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் அதனாலேதான். அத்தேதிக்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கோ, ஒருவர் பிரஜையாக இருந்தாலும் மற்றவர் சட்ட விரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. அதாவது, படகில் வந்த பெண் பிற்பாடு தர்மபுரிக்காரர் ஒருவரையே மணந்தாலும், அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைக்குப் படகின் பழி தொடர்கிறது. தாய் ஓர் இரவு செய்த பிரயாணத்துக்குப் பிள்ளை ஆயுள் முழுதும் கட்டணம் செலுத்துகிறது. இச்சட்டம் மாற வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. மாறும் வரையில், அதன் வாய்க்குள் இன்னும் இரண்டு குழந்தைகளை நாமே கொண்டுபோய் விடலாமா?

பின் என்ன செய்வது? தாயின் கையெழுத்து ஒன்றே போதும் என்ற நிலைமையை அந்தத் தங்கைக்கு உண்டாக்கிக் கொடுப்பதுதான் செய்ய வேண்டிய உதவி.

குழந்தைகள் முறைப்படி பிரயாணம் செய்யப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் என்றதும் பெற்றோர் சம்மதம் என்பார்கள். தனித்த தாய் என்றாலும் எல்லாரும் ஒரே வகையல்லர். கணவன் இறந்தவளுக்கு மரணச் சான்று வேண்டும். கணவன் கைவிட்டுப் போனவளுக்குக் குழந்தைகள் அவள் பொறுப்பில் இருப்பதாக நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். யுத்தத்தில் கணவன் காணாமற் போனவள் பாடு மிகவும் பரிதாபமானது. அவள் சுமங்கலியுமல்லள், விதவையுமல்லள். அப்படிப்பட்டவளுக்கு மரணச் சான்று கேட்க மனம் துணியாது. அவளுக்காகவே 2016-ல் இலங்கையில் சட்டம் திருத்தி, 'காணாமற் போனார்' என்று சான்று வழங்க வகை செய்தார்கள். தங்கையின் கணவனுக்கு மரணச் சான்று எடுத்திருக்கிறார்களா, அதில் பெயரும் தேதியும் சரியா என்று முதலில் விசாரிக்க வேண்டும். வசூலான பணம் அந்தச் சான்றுகளுக்கும், வக்கீலுக்கும், பஸ் சத்தத்துக்கும் செலவாகட்டும்.

விஸாவில் வருகிறவர்கள் அதில் குறித்த நாள் வரையில்தான் தங்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டபின் அந்தத் தாய், "அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், பிள்ளைகள் இங்கேயே படிக்கட்டும்" என்று தீர்மானிக்கலாம். தீர்மானம் அவளுடையது. அவளைக் கேளாமல் அவளை இரட்சிக்கப் புறப்படுவதில் நம்மவருக்குள்ள உற்சாகத்தைச் சற்றே அடக்கிக்கொள்வது நலம்.

இனி, ஏற்கனவே வந்துவிட்டவர்கள் இருக்கிறார்களே! ஆசிரியையின் வகுப்பிலேயே அவர்களுடைய குழந்தைகள் இருக்கக்கூடும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாதென்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும்; ஒரு வருஷம் கடந்துவிட்டால் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு தேவைப்படும். முகாமில் பிறக்கும் குழந்தையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதிவு செய்தால்தான் இலங்கைப் பிரஜா உரிமையாவது கைக்கு வரும். 2003-க்கு முன் அவ்வுரிமை தகப்பன் வழியே வந்தது. அவ்வருஷத்துத் திருத்தத்தினால் தாய் வழியிலும் வருகிறது. நம் நாட்டிலும் 1999-ல் ஸ்ரீமதி கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட், தகப்பன் பொறுப்பேற்காதபோது தாயே இயற்கையான பாதுகாவலர் என்று தீர்ப்பளித்தது. 2015-ல், மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே குழந்தையின் பாதுகாவலராகலாம் என்றும் அதே கோர்ட் கூறிற்று. ஆயினும் "தகப்பனார் எங்கே?" என்று குமாஸ்தா கேட்டவுடன் தலை குனிந்து திரும்பிவிடும் தாய்மார் எத்தனை பேர்! தர்மபுரியிலிருந்து சென்னை ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். கூலி வேலை செய்கிறவளுக்கு அது இரண்டு நாள் கூலி. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அவளோடு கூடப் போய், மேஜைக்கு முன் அவள் பக்கத்தில் நின்றால், அதைவிடப் பெரிய தர்மம் வேண்டியதில்லை.

தர்மபுரிக்கு இது புதிய புண்ணியமுமல்ல. தேகத்தில் குஷ்டநோய் பற்றிய பின் ரயிலேறக் கூடாதென்று அந்நிய சர்க்கார் தடுத்த சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்த பாப்பாரப்பட்டி இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்ட அப்பெரியார் 1925-ல் அங்கேயே கண் மூடினார். மாதாவுக்குக் கோயில் கட்டக் கனாக் கண்ட மண்ணில், குழந்தைகளோடு வந்த மாதாவுக்கு ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க ஆள் அகப்படாமல் போகாது.

ஆகையால், சகோதரி, வசூலை நிறுத்தாதீர்கள். படகுக்காரனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே முகாமுக்குப் போய், அந்த அக்காளைத் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். தங்கையின் கைவசம் என்னென்ன காகிதங்கள் இருக்கின்றன, எவை இல்லை என்று அதில் கேட்கட்டும். அப்படியே உங்கள் வகுப்பிலுள்ள முகாம் குழந்தைகளின் பிறப்புச் சான்றுகளையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வேலை அங்கே தொடங்குகிறது.