பொட்டலம் படுத்தும் பாடு!



சாரல் வீசும் குற்றாலம்! சொல்லும்போதே உடல் சிலிர்க்கிறது. ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் தென்காசிப் புகைவண்டி நிலையத்திலே கூட்டம், செங்கோட்டைச் சாலையிலே கூட்டம், ஐந்தருவிக்குப் போகும் பாதையிலே கூட்டம். ஆலை முதலாளியும் வருகிறார். அந்த ஆலையிலே பஞ்சுப் பொதி சுமப்பவரும் வருகிறார். இருவர் தலையிலும் அருவி ஒரே வேகத்தில்தான் விழுகிறது. இவர் பட்டதாரியா, இவர் என்ன சாதி, இவர் சட்டைப்பையில் எவ்வளவு என்று அது விசாரிப்பதில்லை.

முன்பெல்லாம் குளிக்கச் சென்றவரின் மூட்டையிலே என்ன இருந்தது? ஒரு துண்டு, மாற்று வேட்டி, சிறு குப்பியிலே நல்லெண்ணெய், துணி முடிச்சிலே சீயக்காய்த் தூள், வாழையிலையிலே கட்டிய புளிச்சோறு. எண்ணெய் தேய்த்துவிட அருவிக்கரையிலே ஆள் உண்டு. தோளைப் பிடித்து, முதுகை நீவி, நரம்பைச் சுண்டி அவர் தேய்த்துவிட்டால் ஓராண்டு உழைத்த அலுப்பும் ஓடிப்போகும். குளித்துத் திரும்பிய பின் அங்கே மிஞ்சியவை இலையும் பிசுக்கும். இலையை ஆடு தின்றது. பிசுக்கை மழை கழுவிற்று.

பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று பாட நாம் வரவில்லை! கோயில் கதவுகள் எல்லாத் தமிழருக்கும் திறக்க 1939இல் ஒரு சட்டம் தேவைப்பட்ட நாடு இது. வாசனைச் சோப்பு, வழுக்கும் ஷாம்பு என்பதெல்லாம் அந்நாளில் துரைமார் வீட்டிலும் ஜமீன் மாளிகையிலும் புழங்கியவை. ஏழைப் பெண் அவற்றைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

அந்தக் கண்ணாடியை உடைத்தது எது தெரியுமா? ஒரு சின்னப் பொட்டலம்! அதுவும் சீமையிலிருந்து வந்ததல்ல. நம் கடலூரிலே பிறந்தது. சின்னிகிருஷ்ணன் என்ற கடலூர்த் தொழில்முனைவர், கூலி வேலை செய்பவரும் ரிக்சா இழுப்பவரும் வாங்கக்கூடியதாகப் பொருள் இருக்கவேண்டும் என்று எண்ணியவர் என அவர் மகனே கூறியிருக்கிறார். அவர் வழியிலே ஷாம்பு சிறு உறைக்குள் அடைபட்டது. 1983இல் அந்த மகன், சி.கே.ரங்கநாதன், 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்பை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். மாளிகையின் மணம் குடிசைக்கு வந்தது. இதை நாம் வரவேற்கிறோம். சீயக்காய் இடிக்கும் உலக்கையைத் தமிழ்ப் பெண்ணின் கையிலே நிரந்தரமாகத் திணித்துவிட்டு, பண்பாடு காப்பாற்றப்பட்டது என்று பேசும் ஆடவர்களோடு நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆனால், கதை அங்கே நிற்கவில்லையே! முழுப் புட்டி வாங்கக் காசில்லாதவரிடமும் காசு வாங்கலாம் என்ற இரகசியம் தெரிந்த பிறகு, பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்குமா? ஷாம்பு வந்த வழியிலே ஊறுகாய் வந்தது, காப்பித் தூள் வந்தது, முகப்பூச்சு வந்தது. தென்காசியிலும் கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் தாய்மாரின் கூலி சின்னக் கூலி. அந்தக் கூலியின் அளவுக்கே பொட்டலத்தை வெட்டித் தைத்துவிட்டார்கள்! கூலியை உயர்த்து என்றால் ஆயிரம் கணக்குக் காட்டும் முதலாளி உலகம், பொட்டலத்தைச் சிறிதாக்கு என்றால் ஒரு நொடியில் செய்து முடிக்கிறது. பெட்டிக்கடை வாசலிலே அவை தோரணம் தோரணமாய்த் தொங்குகின்றன. திருவிழா யாருக்கு?

நமக்கு மட்டும் வந்த நோயா இது? ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன பிரான்சு நாட்டைப் பாருங்கள். தெருமுனைக் கடையிலே பேசிப் பழகி வாங்கிய மக்கள் அவர்கள். 1963இல் பாரிசுக்குத் தெற்கே ‘கார்ஃபூர்’ ஒரு பெருங்கடையைத் திறந்தது. எல்லாம் ஒரே கூரையின் கீழ், வாசலிலே கார் நிறுத்த இடம். பிறகு அமெரிக்கத் துரித உணவும் வந்தது. 1999இல் மில்லோ என்ற ஊரிலே, ஆட்டுப்பால் கறந்து பாலாடைக்கட்டிக்குக் கொடுக்கும் உழவர்கள், ஜோசே போவே தலைமையிலே, கட்டி முடியாத மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப் போட்டார்கள். தங்கள் பாலாடைக்கட்டிக்கு அமெரிக்கா போட்ட வரிதான் அவர்களைக் கிளப்பியது. பண்பாடு என்று பேசினார்கள். பிழைப்பும் அதிலே இருந்தது. பிழைப்பு போகிறவன் போராடுகிறான்.

இங்கே பிழைப்பு போவது யாருக்கு? 2014இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளிலே எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்றது. தண்ணீர் கெடக்கூடாது என்ற நோக்கத்தை நாம் மறுக்கவில்லை. குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியிலே தாமிரபரணியோடு கலக்கிறது. வழியெல்லாம் வயல், வழியெல்லாம் வாய். காக்கத்தான் வேண்டும். ஆனால் தடையின் எடை எவர் முதுகிலே விழுந்தது என்று பாருங்கள்! ஷாம்பு நிறுவனத்துக்கு இந்தக் கரையிலே விற்காவிட்டால் என்ன? கன்னியாகுமரி முதல் காசுமீரம் வரை கடைகள் உண்டு. எண்ணெய் தேய்த்துப் பிழைக்கிறவருக்கு இருப்பது இந்த ஒரு கரை. அதுவும் ஆண்டுக்குச் சில மாதச் சாரல். இருவரையும் ஒரே வரியிலே நிறுத்திவிட்டு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறார்கள். ஆகா, என்ன சமத்துவம்!

2019 சனவரி முதல் நாள் முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டிலே தடை. நல்லதுதான். பை கொடுத்த சிறுகடைக்காரர் அபராதம் கட்டுகிறார். ஆலையிலிருந்து அடைபட்டு வரும் ஷாம்புப் பொட்டலமோ அதே கடையிலே ஆடிக்கொண்டிருக்கிறது! பிளாஸ்டிக்கும் பிற படலங்களும் ஒட்டிய உறை; பிரித்து மறுபடி பயன்படுத்துவது பெரும்பாடு. பாறை இடுக்கிலே கிடக்கும் அதைப் பொறுக்குகிறவர் துப்புரவுத் தொழிலாளர். பொறுக்குவதற்குக் கூலி கொடுப்பது நம் வரிப்பணம்.

காலி உறையைத் திரும்ப வாங்குவது ஆகாத காரியம் என்பார்கள். ஆகாதா? ‘சிக்’ ஷாம்பு சந்தையைப் பிடித்த நாளிலே, காலிப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தால் புதுப் பொட்டலம் இலவசம் என்று அறிவித்தார்கள். மக்கள் குப்பையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்! விற்பனைக்கு வேண்டியபோது கைக்கு வந்த வித்தை, ஆற்றுக்கு வேண்டும்போது எங்கே ஒளிந்தது? உறையைச் சந்தையிலே இறக்குகிறவருக்கே அதைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் கூறுகின்றன.

எனவே, தென்காசி, செங்கோட்டை வட்டாரத் தோழர்கள் அடுத்த சாரலுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களிலே காலிப் பொட்டலம் வாங்கும் சாவடி. கொண்டுவருபவர் கையிலே காசு. செலவு நிறுவனங்களின் கணக்கிலே. அருவியை விட்டுத் தள்ளி, கழிவுநீர் சிற்றாற்றுக்குப் போகாதபடி எண்ணெய்க் குளியலுக்குக் கூடம். அதிலே உரிமச் சீட்டோடு வேலை, இத்தனை காலம் கரையிலே தேய்த்தவர்களுக்கே முதலில். மனுவிலே கையெழுத்து வாங்க எண்ணெய் தேய்க்கும் தொழிலாளரிடம் முதலில் செல்லுங்கள். பிறகு பீடி சுற்றும் தாய்மாரிடம்.