காந்தி கடிகாரத்துக்கு என்ன விலை?

ஒரு வெள்ளிக் கடிகாரம். அந்தக் காலத்தில் சங்கிலி கட்டிப் பையில் வைத்துக் கொள்வார்களே, அந்த மாதிரி உருண்டைக் கடிகாரம்.

ஒரு மூக்குக் கண்ணாடி. ஒரு ஜோடி செருப்பு. ஒரு தட்டு. ஒரு கிண்ணம்.

சாமான்கள் இவ்வளவுதான். எல்லாம் பழையவை. பழைய சாமான் கடைக்குக் கொண்டு போனால், கடிகாரத்தில் உள்ள வெள்ளிக்கு மட்டும் விலை சொல்வார்கள். மற்றதை ஓரமாகத் தள்ளி விடுவார்கள்.

ஆனால் இந்த ஐந்து சாமான்களும் 2009-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தன. என்ன விலைக்குப் போயின தெரியுமா?

18 லட்சம் டாலர்! அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு சுமார் 9 கோடி ரூபாய்!

காரணம், அவை காந்தியடிகள் கை பட்ட பொருள்கள்.

அன்று நாடு முழுவதும் ஒரே கூச்சல். "காந்தியின் செருப்பை ஏலம் போடுவதா? இது அநியாயம்!" என்றார்கள். பாராளுமன்றத்தில் பேசினார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள். டெல்லி ஐகோர்ட்டு ஏலத்துக்குத் தடை கூட விதித்தது. ஆனால் டெல்லியில் போட்ட தடை நியூயார்க்கில் செல்லுமா? செல்லவில்லை.

காந்தி பொருளை ஏலம் போட்டது தப்பா?

தப்பு இல்லை என்பது என் கருத்து. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

கோபப்படாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

ஏல மண்டபத்தில் நடந்தது

பொருள்களின் சொந்தக்காரர் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற அமெரிக்கர். காந்தியிடம் பக்தி கொண்டு, அவர் பொருள்களைச் சேகரித்தவர். "இந்திய அரசாங்கம் ஏழைகளின் சுகாதாரத்துக்கு இன்னும் அதிகப் பணம் செலவிடுவதாகச் சொல்லட்டும். பொருள்களைக் கொடுத்து விடுகிறேன்" என்று அவர் ஒரு நிபந்தனை போட்டார். நம் அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. நாட்டின் செலவுத் திட்டத்தை ஒரு தனி மனிதர் தீர்மானிக்க முடியுமா? இணங்காதது சரிதான்.

கடைசி நேரத்தில் ஓட்டிஸ் மனம் மாறினார். "விற்கவில்லை, திரும்ப எடுத்துக் கொள்கிறேன்" என்றார். ஏலக் கம்பெனி கேட்கவில்லை. ஏலம் நடந்தது.

ஏலத்துக்கு முன்னால் கம்பெனி போட்ட மதிப்பு 20 ஆயிரம் டாலர் முதல் 30 ஆயிரம் டாலர் வரைதான். அது 18 லட்சம் ஆனது எப்படி?

இதுதான் ஏலத்தின் சூட்சுமம். ஒரு பொருளின் விலை ஏற ஆயிரம் பேர் வேண்டாம். விட்டுக் கொடுக்காத இரண்டு பேர் போதும். அதிலும் "இது நாட்டின் மானப் பிரச்சினை" என்று ஊர் முழுவதும் முழங்கி விட்டால், கேட்கவே வேண்டாம். நாம் போட்ட கூச்சல் ஒவ்வொன்றும் விலையை ஒரு படி ஏற்றியது. ஏலக்காரருக்கு நாமே இலவசமாகத் தமுக்கு அடித்துக் கொடுத்தோம்!

முடிவில் ஏலம் எடுத்தவர் விஜய் மல்லையா. மதுபானத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். மதுவிலக்குக்காக வாழ்நாள் எல்லாம் பாடுபட்டவரின் தட்டையும் கிண்ணத்தையும் மதுபான அதிபர் வாங்கினார். விதியின் வேடிக்கையைப் பாருங்கள்!

காந்தியே ஏலம் போட்டார்

இப்போது ஒரு பழைய செய்தி.

1933-ம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடு சுற்றக் கிளம்பினார். 1934-ம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராக வந்தார். போன இடமெல்லாம் வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். பத்திரத்தை அழகான வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுத்தார்கள். பெண்கள் கையில் இருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

காந்தி அவற்றை என்ன செய்தார்? வீட்டுக்கு எடுத்துப் போனாரா? இல்லை. அதே மேடையில், அதே கூட்டத்தில் ஏலம் போட்டார்!

"ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டே விலையை ஏற்றுவதில் அவர் கெட்டிக்காரர். கிடைத்த பணம் முழுவதும் ஹரிஜன சேவை நிதிக்குப் போயிற்று. அந்தச் சுற்றுப்பயணத்தில் சேர்ந்த நிதி சுமார் 8 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 8 லட்சம்!

ஆகவே, "காந்திக்கு ஏலம் என்றால் ஆகாது" என்று சொல்ல முடியாது. பணம் எங்கே போகிறது என்பதைத்தான் அவர் பார்த்தார்.

கஸ்தூரிபா கேட்ட கேள்வி

இன்னும் முந்திய ஒரு சம்பவம் உண்டு. காந்தியே தமது சுயசரிதையில் மறைக்காமல் சொல்லி இருக்கிறார்.

1901-ம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். அங்கிருந்த இந்தியர்கள் பரிசுகளைக் கொண்டு வந்து குவித்தார்கள். தங்கக் கடிகாரம், தங்கச் சங்கிலி, வைர மோதிரம், வெள்ளிச் சாமான்கள். கஸ்தூரிபாவுக்கு என்று ஒரு தங்க ஆரமும் வந்தது.

அன்று இரவு காந்திக்குத் தூக்கம் வரவில்லை. பொதுத் தொண்டுக்குக் கூலியா என்று மனம் உறுத்தியது. பொழுது விடிவதற்குள் முடிவு செய்து விட்டார். எல்லாவற்றையும் ஒரு தர்மகர்த்தா சபையிடம் ஒப்படைத்து, அங்குள்ள மக்களின் பொது நன்மைக்கே விட்டு விடுவது!

பிள்ளைகள் உடனே சம்மதித்தார்கள். கஸ்தூரிபா சம்மதிக்கவில்லை.

நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டாம், நானும் போட்டுக்கொள்ள வேண்டாம், நாளைக்கு வரப் போகும் மருமகள்களுக்கு வேண்டாமா என்று கேட்டார். பிள்ளைகளை இப்போதே சாமியார் ஆக்கப் பார்க்கிறீர்களே என்று கண்ணீர் விட்டார். என் தொண்டுக்காகக் கிடைத்ததுதானே என்று காந்தி சொன்னதும், உங்களுக்காக ராப்பகலாக உழைத்தேனே, அது தொண்டு இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நம் வீட்டுத் தாய்மார்கள் யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அந்த வார்த்தைகள் தம்மைத் தைத்தன என்று காந்தியே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நகைகள் திரும்பிப் போயின.

தங்கக் கடிகாரத்தையே வேண்டாம் என்றவர், தாம் உபயோகித்த வெள்ளிக் கடிகாரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்வாரா? யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் எது தப்பு?

காந்தி நேரம் தவறாதவர். 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி மாலை, பட்டேலுடன் பேசிக்கொண்டிருந்ததில் பிரார்த்தனைக்கு நேரமாகி விட்டது. பேத்தி முறையான ஆபா, கடிகாரத்தை எடுத்துக் காட்டி நினைவூட்டினார். காந்தி எழுந்து விரைந்து நடந்தார். அதுதான் அவருடைய கடைசி நடை.

அந்த ஆபாவுக்கு காந்தி கொடுத்ததுதான் இந்த வெள்ளிக் கடிகாரம் என்று ஏலக்காரர்கள் விவரம் கொடுத்திருந்தார்கள். அன்பாகக் கொடுத்த ஒரு பொருள், கை மாறிக் கை மாறி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து விட்டது. ஏலச் செய்தி வந்த பிறகுதான் நாம் விழித்துக்கொண்டோம்.

முதல் தப்பு இதுதான். வீட்டில் இருந்தபோது கேட்க ஆள் இல்லை. வீதிக்கு வந்த பிறகு கூச்சல்!

இரண்டாவது தப்பு, ஏலத்தில் வாங்கிய பொருள் தனியார் பீரோவுக்குப் போவது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்து பைசா செலவில்லாமல் பார்க்கக்கூடிய இடத்தில் அது இருக்க வேண்டும். விற்பது பாவம் அல்ல. ஒளித்து வைப்பதுதான் பாவம்.

நம் அரசாங்கம் நல்ல வழியிலும் நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காந்திக்கு உற்ற நண்பராக இருந்தவர் கல்லன்பாக் என்ற கட்டிடக் கலைஞர். அவர் குடும்பத்திடம் இருந்த கடிதங்கள், காகிதங்கள், படங்கள் 2012-ம் ஆண்டு ஜூலையில் லண்டனில் ஏலத்துக்கு வர இருந்தன. அரசாங்கம் ஏலத்துக்கு முன்பே பேசி, சுமார் 11 லட்சம் டாலருக்கு மொத்தமாக வாங்கி விட்டது. கூச்சல் இல்லை. போட்டி இல்லை. அவை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. இப்படி அல்லவா வாங்க வேண்டும்!

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. காக்கவும் தெரிய வேண்டும். கவி தாகூரின் நோபல் பதக்கம் ஏலத்துக்கே போகவில்லை. சாந்திநிகேதனில் அவர் வீட்டுக் காட்சிசாலையிலேயே இருந்தது. 2004-ம் ஆண்டு மார்ச்சில் திருடு போய் விட்டது! மறு ஆண்டு நோபல் அறநிலையத்தார் நகல் செய்து கொடுத்தார்கள். பணம் கொடுத்து மீட்பதை விட, பூட்டுப் போட்டுக் காப்பது மலிவு.

தபால் பெட்டியில் தொங்கிய புதையல்

இதெல்லாம் பெரிய மனிதர்கள் சமாசாரம், நமக்கு என்ன என்று நினைக்கிறீர்களா?

2020-ம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு ஏல நிலையத்தின் தபால் பெட்டியில் யாரோ ஒரு உறையைச் செருகி விட்டுப் போயிருந்தார்கள். பாதி வெளியே தொங்கியது. வாரக் கடைசி முழுவதும் அப்படியே கிடந்தது. தெருவில் போகிறவர் யாரும் உருவிக்கொண்டு போயிருக்கலாம்.

உள்ளே ஒரு மூக்குக் கண்ணாடி. "இது காந்தியின் கண்ணாடி" என்று ஒரு சீட்டு.

கொடுத்தவர் ஒரு முதியவர். தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த உறவினர் ஒருவருக்கு காந்தி கொடுத்ததாக அவர் வீட்டில் வழி வழியாகச் சொல்லி வந்தார்கள். பிரயோசனம் இல்லை என்றால் குப்பையில் போட்டு விடுங்கள் என்றே அவர் சொன்னாராம். ஏலக்காரர் விசாரித்து, 15 ஆயிரம் பவுன் போகும் என்று மதிப்புப் போட்டார். ஏலம் போனது 2 லட்சத்து 60 ஆயிரம் பவுனுக்கு! சுமார் இரண்டரைக் கோடி ரூபாய்!

அந்தக் கண்ணாடிக்கு விலை கொடுத்தது எது? கம்பியா? கண்ணாடிச் சில்லா? இல்லை. அதோடு வந்த கதை. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எப்போது, எங்கே என்ற விவரம். விவரம் இல்லாவிட்டால் அது வெறும் உடைந்த கண்ணாடி.

எங்கள் வீட்டுக் கூஜா

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் கூஜா இருந்தது. என் தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஓய்வு பெற்றபோது மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. அடியில் சிலருடைய பெயர்களை வெட்டி இருந்தார்கள்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், சம்பளம் கட்டப் பணம் போதவில்லை. பாட்டி கூஜாவை எடுத்துக் கொடுத்தார். கடையில் எடை போட்டு, கழிவு போக மீதியைக் கொடுத்தார்கள். கூஜா உருக்குக்குப் போயிற்று.

அதை விற்றதற்காக நான் வருந்தவில்லை. வாத்தியார் வீட்டுக் கூஜா ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பயன்பட்டது. தாத்தா இருந்திருந்தால் அவரே எடுத்துக் கொடுத்திருப்பார்.

நான் வருந்துவது வேறு ஒன்றுக்கு. அடியில் இருந்த பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. யார் அந்த மாணவர்கள்? இன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு காகிதமும் ஒரு பென்சிலும் போதும். அதைக் கூடச் செய்யாமல் போனோம்.

ஆகவே வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள்.

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பழைய கடிகாரம், வெற்றிலைப் பெட்டி, குங்குமச் சிமிழ், பதக்கம் ஏதாவது இருக்கும். வீட்டில் உள்ள பெரியவர்களைக் கூப்பிட்டு, "இது யாருடையது? எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சொல்வதைப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். தேதி போடுங்கள். பொருளோடு சேர்த்து வையுங்கள். ஒரு படமும் எடுத்துக் கொள்ளுங்கள்.

விற்க வேண்டிய கஷ்டம் வந்தால் வில்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஆனால் எடைக்குப் போடுவதற்கு முன், விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். அதில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் தேய்த்து அழிக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்ற கலைப்பொருள்களைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆசை காட்டுகிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

வெள்ளியின் விலை தினமும் பத்திரிகையில் வருகிறது. பாட்டி சொல்லும் கதையின் விலை எந்தப் பத்திரிகையிலும் வராது. வெள்ளியை நாளைக்கும் வாங்கலாம். கதையைப் பாட்டி இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.