கண்டெடுத்த நாய் யாருக்குச் சொந்தம்? லண்டனில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் எங்கள் நிலைப்பாடு

தெருவில் தனியாக நின்ற நாயைக் கூட்டிவந்தவர் உடனே கவுன்சிலுக்குச் சொல்லி, மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கவைத்து, சட்டம் குறித்த காலம் வரை பொறுத்திருந்து வளர்த்தால், அந்த நாய் அவருக்கே சொந்தமாக வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு விதி இருக்கிறது, இங்கிலாந்தில் இல்லை. நாடாளுமன்றம் அந்த விதியை இங்கும் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறோம். கூடவே இன்னொன்றையும் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறோம். யாரிடமும் சொல்லாமல் நாயை வீட்டுக்குள் வைத்துக்கொண்டவர், எத்தனை ஆண்டு சோறு போட்டிருந்தாலும், எங்கள் ஆதரவை எதிர்பார்க்க வேண்டாம்.

இதை நாங்கள் முதலில் சொல்வது நம் ஆட்களுக்குத்தான். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் வாசலுக்கு வரும் நாய்க்கு யாரும் முகவரி கேட்பதில்லை. மிஞ்சிய சோற்றைக் குழம்பில் பிசைந்து வைக்கிறோம், நாலு நாளில் அது நம் வீட்டு நாயாகிவிடுகிறது. பக்கத்து வீட்டிலும் அதற்கு ஒரு தட்டு இருக்கும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. இந்தியாவின் 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளே தெருநாயைச் சமூக விலங்கு என்றுதான் பார்க்கின்றன. லண்டன் அப்படி இல்லை. இங்கே பூங்காவில் ஒற்றையாய் அலையும் நாய் அநேகமாக யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வந்தது. வாணவெடிக்கு மிரண்டு ஓடியிருக்கும், அல்லது கதவு திறந்திருந்த நேரத்தில் வெளியே வந்திருக்கும். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ தோட்டத்துக்குள் வந்த நாய்க்கு இரக்கப்பட்டுச் சாப்பாடு வைக்கும் அம்மாவுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அவர் மனதில் குற்றமே இல்லை. ஆனால் இன்னொரு தெருவில் ஒரு பிள்ளை அந்த நாயின் படத்தை விளக்குக் கம்பங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் 149, 150 ஆகிய பிரிவுகளைச் சுற்றித்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது. கவுன்சில் அலுவலர் பிடித்த நாயை உரியவர் கேட்டு வராவிட்டால் முழுதாக 7 நாள் வைத்திருக்க வேண்டும். உரியவர் வந்தால் 25 பவுண்டு கட்டணத்தையும் காப்பகச் செலவையும் கட்டிக் கூட்டிப்போகலாம். வராவிட்டால், நாயை நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவருக்கோ காப்பகத்துக்கோ கொடுக்கலாம். இந்த இடத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு வாங்கிக்கொண்டவருக்கு நாயின் உரிமை போய்ச் சேர்ந்துவிடும். பிறகு பழைய வீட்டார் வந்து கேட்டால் மனம் இளகிக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டிய கடமை கிடையாது.

நாயைக் கண்டெடுத்தவர் தானே வைத்துக்கொள்ள விரும்பினால் அது 150-ஆம் பிரிவின் கீழ் வரும். உரியவரிடமோ கவுன்சில் அலுவலரிடமோ நாயை உடனே கொண்டுபோக வேண்டும், பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும். அவர் தகுதியானவரா என்று அலுவலர் விசாரிப்பார். அனுமதி கிடைத்தால் குறைந்தது ஒரு மாதம் நாயை வைத்துப் பராமரித்தாக வேண்டும், தவறினால் அபராதம். சரி, அந்த மாதம் முடிந்த பிறகு? இங்கிலாந்தைப் பொறுத்தவரை சட்டம் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்துக்கு மட்டும் அதே பிரிவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: இரண்டு மாதம் யாரும் உரிமை கேட்காமல் வளர்த்தவர் அந்த நாயின் உரிமையாளர் ஆகிறார். எல்லைக்கு வடக்கே ஒரு நியாயம், தெற்கே வேறு நியாயம். கவுன்சில் கையிலிருந்து 8-ஆம் நாள் நாயை வாங்கியவர் நிம்மதியாகத் தூங்கலாம். கவுன்சிலுக்குச் சொல்லிவிட்டு ஒரு வருடம் வளர்த்தவருக்கு அந்த நிம்மதி இல்லை. பொருளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட பொதுவான காலவரம்பு 6 ஆண்டு. நாயின் ஆயுளில் பாதி அது.

இதன் வேர் பழையது. 1722-இல் லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்யும் ஒரு சிறுவன் நகை ஒன்றைக் கண்டெடுத்தான். மதிப்புப் பார்க்கப் பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோனான், கடைப் பையன் கல்லைக் கழற்றிக்கொண்டான். கண்டெடுத்தவனுக்கு உண்மையான உரியவரைத் தவிர வேறு எல்லாருக்கும் எதிராக உரிமை உண்டு என்று நீதிமன்றம் சிறுவன் பக்கம் நின்றது. ஹீத்ரோ விமான நிலையக் காத்திருப்பு அறையில் ஒரு பயணி கண்டெடுத்த தங்கக் கைச்சங்கிலி வழக்கிலும் 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே வழியில்தான் போனது. நகைக்கு அது நல்ல சட்டம். பெட்டிக்குள் பத்து வருடம் கிடந்தாலும் நகை மாறப்போவதில்லை. நாய் அந்தப் பத்து வருடத்தில் வேறொரு வீட்டின் பிள்ளையாகிவிடுகிறது. யார் எப்போது வேலையிலிருந்து வருவார், எந்த மாத்திரையை எதில் ஒளித்துத் தருவார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். நகைக்கு எழுதிய விதியை நாயின் கழுத்தில் மாட்டுவதில்தான் எங்களுக்கு மறுப்பு.

மற்ற நாடுகளின் நீதிமன்றங்களும் இதில் திணறியிருக்கின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிய நாயை ஒரு பெண் கண்டெடுத்தார். கடைகளிலும் பூங்காக்களிலும் அறிவிப்பு ஒட்டினார், உள்ளூர் வானொலியிலும் சொல்லவைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்த பிறகு நாய் தற்செயலாகப் பழைய வீட்டு முற்றத்துக்குள் ஓடியது, பழைய உரிமையாளர் பிடித்து வைத்துக்கொண்டார். 1997-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கண்டெடுத்தவருக்கே நாய் என்று சொல்லிவிட்டது. உரியவரைத் தேட அவர் நேர்மையாகச் செய்த முயற்சியும் வளர்த்த காலமும் எடுத்துக்கொள்ளப்பட்டன. டெக்சாஸில் 2016-இல் தீர்ப்பு மறுபக்கம் போனது. வீட்டிலிருந்து தப்பிய ஜெர்மன் ஷெப்பர்ட் சில நாளிலேயே காப்பகம் வழியாக ஒரு மீட்பு அமைப்பின் கைக்குப் போய்விட்டது. குடும்பத்தார் கண்டுபிடித்துக் கேட்டபோது அமைப்பு தர மறுத்தது. குடும்பத்தின் உரிமை அறுபடவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு தீர்ப்பும் சரியானவை என்றே நினைக்கிறோம். முதலாவதில் கண்டெடுத்தவர் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்தார், காலமும் நிறையக் கடந்திருந்தது. இரண்டாவதில் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குப் போதிய அவகாசமே கிடைக்கவில்லை. நாங்கள் கேட்கும் விதி இந்த இரண்டு குடும்பங்களையும் காப்பாற்ற வேண்டும்.

மைக்ரோசிப் பற்றி நம்மிடையே நிலவும் தவறான எண்ணம் ஒன்று. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல், 8 வாரம் நிறைந்த நாய்களுக்குச் சிப் கட்டாயம். ஆனால் பதிவில் இருப்பது நாயை வழக்கமாக வைத்துப் பராமரிப்பவரின் பெயர். பதிவில் என் பெயர் இருக்கிறது, ஆகவே நாய் எனக்கே சொந்தம் என்று யாரும் வாதாட முடியாது. அது ஒரு சான்று, அவ்வளவுதான். கண்டெடுத்த நாயின் பதிவை இரண்டாம் வாரமே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதையே பத்திரமாக நீட்டுகிறவர்களுக்கு இதைக் கண்டிப்புடன் சொல்கிறோம்.

ஸ்கேன் செய்வதிலும் கவனக்குறைவு இருக்கிறது. சிப் தோள்பட்டைகளுக்கு நடுவில் போடப்படும், ஆனால் நாளடைவில் தோலுக்கடியில் நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கிவிடுவதுண்டு. கழுத்தருகே ஒருமுறை கருவியைக் காட்டிவிட்டுச் சிப் இல்லை என்று சொல்லக்கூடாது. முதுகு, இரண்டு தோள், இரண்டு முன்னங்கால் என்று மெதுவாகப் பார்க்க வேண்டும். கிடைக்கும் எண்ணில் 15 இலக்கங்கள் இருக்கும். 642 என்று தொடங்கினால் ருமேனியாவில் போட்ட சிப்பாக இருக்கலாம். அங்கிருந்து தத்தெடுத்த நாய்கள் இங்கே ஏராளம், சிலவற்றின் விவரம் இன்னும் அந்நாட்டுப் பதிவேட்டிலேயே கிடக்கிறது. இங்கேயும் ஒரே பதிவேடு கிடையாது, தனியார் தரவுத்தளங்கள் பல. எண்ணைப் போட்டால் எல்லாவற்றிலும் ஒரே தடவையில் தேடும் வசதி வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு நாயையும் முதல் வருகையிலேயே ஸ்கேன் செய்து பதிவோடு ஒப்பிடுவது விலங்கு மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாக வேண்டும். திருட்டுப்போன நாய்களின் குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதும் இதைத்தான். அந்தக் கோரிக்கையில் நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்.

லண்டனுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அலைந்து திரியும் நாய்களின் பொறுப்பு 2008 ஏப்ரலில் காவல்துறையிடமிருந்து முழுதாகக் கவுன்சில்களுக்குப் போனது. இங்கே 32 பரோக்களும் சிட்டியும் சேர்த்து 33 நிர்வாகங்கள். பிடித்த நாய்களின் பதிவேட்டை ஒவ்வொன்றும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது சட்டம். மிரண்ட நாய்க்குப் பரோ எல்லை தெரியுமா? மிட்சம் பொதுநிலத்தில் (Mitcham Common) தொலைந்த நாய் இரவுக்குள் மெர்ட்டனிலிருந்து சட்டனுக்கோ குரோய்டனுக்கோ போய்விடும். வீட்டார் ஒரு கவுன்சிலைக் கேட்டுக்கொண்டிருக்க, பக்கத்துக் கவுன்சிலில் 7 நாள் ஓடி முடிந்துவிடும். 33 பதிவேடுகளையும் படத்தோடு ஒரே இடத்தில் பார்க்க வழிசெய்யுமாறு லண்டன் கவுன்சில்களைக் கேட்கிறோம். மேரி டீல்பி 1860-இல் ஹாலோவேயில் தொடங்கி, 1871-இல் பாட்டர்ஸிக்குப் போன காப்பகம் ஒன்றுதான் ஒரு காலத்தில் தொலைந்த நாயைத் தேடிப்போகும் இடமாக இருந்தது. இன்று ஒரு குடும்பம் எத்தனை கதவுகளைத் தட்டுவது?

எங்கள் கோரிக்கைக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. இரண்டு மாதத்தில் உரிமை போய்விடும் என்றால் பாதிக்கப்படுவது யார்? மருத்துவமனையில் படுத்திருப்பவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் கவுன்சில் தளத்தில் தேட முடியாத மூத்தவர், காப்பகச் செலவைக் கட்ட வழியில்லாதவர். இவர்களில் பலர் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஆகவே சில காப்புகளோடுதான் விதியைக் கேட்கிறோம். முறையாக ஸ்கேன் செய்த சான்று இல்லையென்றால் இரண்டு மாதக் கணக்கே தொடங்கக்கூடாது. நாய் தொலைந்ததாகவோ திருட்டுப்போனதாகவோ சிப் பதிவில் குறிக்கப்பட்டிருந்தாலும், காவல்துறையில் புகார் இருந்தாலும் காலம் ஓடக்கூடாது. அந்த இரண்டு மாதத்துக்குள் உரியவர் வந்தால், வளர்த்தவர் எவ்வளவு பாசம் வைத்திருந்தாலும் நாயைத் திருப்பித் தர வேண்டும். உணவுக்கும் மருத்துவத்துக்கும் செய்த நியாயமான செலவை அவர் கேட்டு வாங்கலாம். கையில் பணமில்லாத வீட்டாருக்குத் தவணை கொடுக்க வேண்டும். நாயைப் பணயமாக வைத்துப் பணம் கேட்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

ஏற்கெனவே சண்டையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூங்காவில் பழைய நாயைப் பார்த்ததும் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். 2024 ஆகஸ்ட் 24 முதல் நடப்பில் இருக்கும் செல்லப்பிராணி கடத்தல் சட்டத்தின்படி, சட்டப்படி ஒருவர் பொறுப்பில் இருக்கும் நாயைக் கொண்டுபோவதற்கு அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கவுன்சில் வழியாக உரிமை மாறிப்போயிருந்தால், நாயைத் தொலைத்து அழுதவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம். மறுபக்கம், உரியவர் யார் என்று தெரிந்த பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு நாயை ஒளிப்பவரும் பாதுகாப்பான இடத்தில் இல்லை. பேசிப் பாருங்கள். முடியாவிட்டால் கவுண்டி நீதிமன்றம் இருக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும்? 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளையே திருப்பிக் கொடு என்று உத்தரவிடுவதா, பணமாக ஈடுகட்டச் சொல்வதா என்பதில் நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு. நாய் எந்த வீட்டில் வேரூன்றியிருக்கிறது என்று பார்த்து அந்த விருப்புரிமையைப் பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2024 டிசம்பரில் வெளியான ஒரு மணமுறிவுத் தீர்ப்பில், கோல்டன் ரெட்ரீவர் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, யார் காசு கொடுத்து வாங்கினார் என்பதைவிட யார் பார்த்துக்கொண்டார், நாய்க்கு எது வீடு என்பதற்கே மாவட்ட நீதிபதி முக்கியத்துவம் கொடுத்தார். பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல அது, என்றாலும் போக்கு மாறுவது தெரிகிறது. விலங்குகளுக்கு உணர்வு உண்டு என்று இந்நாட்டுச் சட்டமே 2022-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியிருக்க உரிமை வழக்கில் மட்டும் நாய் நாற்காலியைப் போலக் கைமாறுவது எப்படி நியாயமாகும்?

இந்த அறிக்கையை எங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் 33 லண்டன் நிர்வாகங்களுக்கும் அனுப்புகிறோம். எங்கள் உறுப்பினர் எவரும் தனியாக நிற்கும் நாயை வீட்டுக்கு அழைத்துவந்தால் அன்றே கவுன்சிலுக்குத் தொலைபேசியில் சொல்லி, பேசிய நேரத்தையும் கொடுத்த குறிப்பெண்ணையும் எழுதிவைக்க வேண்டும். மறுநாளுக்குள் ஸ்கேன் செய்து, முடிவைத் தாளில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்களுக்காக எங்களில் ஒருவர் கூடவே வருவார். இந்த இரண்டையும் செய்தவர் பக்கம் நாங்கள் நிற்போம். இவற்றைச் செய்ய மறுத்தவர் எங்கள் உறுப்பினராகவே இருந்தாலும், அந்த வழக்கில் நாயைத் தொலைத்த வீட்டாருக்குத்தான் உதவுவோம்.