எந்த மொழியில் கவனித்தார்கள்?

பக்கவாதம் கண்டவர்களுக்கும் ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்கும் அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பயிற்சி தருவது தொழில்வழிச் சிகிச்சை. மலாயில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்றால் நம்மில் பலருக்குச் சட்டென விளங்கும். சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைந்து உண்பது ஆகியவற்றோடு, பிறரிடம் பழகும் திறனையும் இவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

அதற்கென்றே ஆன் பிஷர், லூ ஆன் கிரிஸ்வோல்ட் இருவரும் உருவாக்கிய 'இ.எஸ்.ஐ.' என்னும் முறை உண்டு. கேள்வித்தாள் கிடையாது. ஒருவர் உண்மையாகவே மற்றவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது கவனித்து, 27 திறன்களுக்குப் புள்ளியிடுவர். பேச்சைத் தொடங்குகிறாரா, முகம் பார்க்கிறாரா, தன் முறை வரும்வரை பொறுக்கிறாரா, நன்றி சொல்கிறாரா, முறையாக முடிக்கிறாரா... நல்ல முறைதான். நடிக்கச் சொல்லிப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

என் கவலை வேறு. தோட்டப்புறத்தில் வளர்ந்த பாட்டி ஒருவரை, தமிழ் தெரியாத சிகிச்சையாளர் மதிப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே விழும் தாமதம் பாட்டியுடையதா, பேரனுடையதா? படித்தவர் முன் தலை தாழ்த்திப் பேசுவது நம் முதியவர்கள் பலருக்கு மரியாதை. வீட்டாரிடம் 'நன்றி' என்று சொல்வதில்லை. "நல்லா இருய்யா" என்று வாழ்த்துவார்கள். இவை ஒவ்வொன்றும் தாளில் குறையாக விழக்கூடும். அவரவர் வழக்கத்தை ஒட்டியே நடத்தையை எடைபோட வேண்டும். அந்த வழக்கமே தெரியாதவர் எதை வைத்து எடைபோடுவார்?

சிறுவர்கள் நிலை இன்னும் சிக்கல். தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்குப் போன எங்களுக்குத் தெரியும், முதல் சில மாதங்கள் வகுப்பில் எத்தனை பேர் வாய் திறக்கவில்லை என்று. அதே பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் ஏறியதும் ஓயாமல் பேசுவார்கள். வகுப்பறையை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கை பிள்ளையின் கோப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளையை, "மலாய் வரவில்லை, அதனால்தான் பேசவில்லை" என்று தட்டிக்கழித்துவிட்டால் அவனுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி போய்விடும்.

இத்துறையில் பயிலும் நம் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்த மொழியில், யாரோடு, எந்த இடத்தில் பேசியபோது கவனித்தீர்கள் என்பதைப் புள்ளிகளுக்கு மேலே ஒரு வரியில் எழுதுங்கள். முடிந்தால் தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை பாருங்கள். பெற்றோரும் அறிக்கை கைக்கு வந்தவுடன் அந்த வரியைத் தேடட்டும். இல்லையென்றால், மறுமுறை பார்க்கும்படி தயங்காமல் கேட்கலாம்.