ரெண்டா? நாலா?

ஆர்.எக்ஸ்.100 ஓட்டிய ஆசாமி யாரையாவது பிடித்து, "டூ ஸ்ட்ரோக்கெல்லாம் வேஸ்ட் சார், மைலேஜே கிடையாது" என்று சொல்லிப் பாருங்கள். சொத்தில் பங்கு கேட்டதுபோல முறைப்பார். 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. அந்த 'டர்ர்ர்' சத்தம் தெருமுனையில் கேட்டால் இன்றைக்கும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனாலும் ரோட்டில் சண்டை முடிந்துவிட்டது. புகைக்கான விதிகள் இறுக இறுக, ஃபோர் ஸ்ட்ரோக் ஜெயித்து, டூ ஸ்ட்ரோக் பழைய ஆல்பத்துக்குள் போய்விட்டது.

கடலில்தான் இன்னும் முடியவில்லை. ஃபைபர் வள்ளத்தின் பின்பக்கம் தொங்குகிறதே, அவுட்போர்டு எஞ்சின், அதில் ரெண்டா நாலா என்ற கேள்வி நம் கரையோரக் கிராமங்களில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பாக்கெட் காலியாவது மட்டுமல்ல, வள்ளமே கவிழலாம்.

முதலில் கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பஸ்ஸில் போன அனுபவம் இருந்தால் போதும்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்பது ஒழுங்கான பஸ். இழு, அழுத்து, வெடி, வெளியே தள்ளு என்று நாலு வேலை, நாலு தனித்தனி அசைவு. இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்கிய பிறகுதான் ஏறுகிறவர்களுக்குக் கதவு திறக்கும். (இப்படி ஒரு பஸ்ஸை நான் பார்த்ததில்லை. பாடத்துக்காகச் சொல்கிறேன்.) டூ ஸ்ட்ரோக், காலை ஒன்பது மணி டவுன் பஸ். முன்வாசலில் ஏறும்போதே பின்வாசலில் இறங்குகிறார்கள். ஏறிய வேகத்தில் சில பேர் டிக்கெட்கூட எடுக்காமல் அந்தப் பக்கமாகவே வெளியே விழுகிறார்கள். அந்தச் சில பேர்தான் எரியாத பெட்ரோல். பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் இப்படி எரியாமலே தண்ணீருக்குள் போவது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. நூறு ரூபாய்க்குப் போட்டால் இருபத்தைந்து ரூபாய் மீனுக்கு!

ஆனால் ஒன்று. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கிறது. மற்றது ரெண்டு சுற்றுக்கு ஒரு முறை. வால்வு, கேம் என்று குடும்பம் குட்டி எதுவும் கிடையாது. அதனால் அதே சக்திக்கு எடை குறைவு, விலையும் குறைவு, முறுக்கினால் உடனே பாயும்.

வெளிநாட்டுக்காரர்கள் முடிவெடுத்து வெகுநாள் ஆகிறது. ஹோண்டா கம்பெனி 1964-லேயே ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டைக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்க அரசு 1996-ல் படகு எஞ்சின்களுக்குப் புகை விதி போட்டது. அங்கே டாஹோ என்று கண்ணாடி மாதிரி ஒரு ஏரி. 1999-ல் அதில் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குக்குத் தடை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் நவீன டூ ஸ்ட்ரோக்கெல்லாம் செய்து பார்த்தார்கள். அந்த வழியில் கடைசிவரை நின்ற எவின்ரூட், அவுட்போர்டு உலகத்தின் மூத்த பெயர்களில் ஒன்று, 2020-ல் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது.

அப்படியானால் நம் ஊரில் மட்டும் ஏன் இன்னும் இழுபறி?

என்னோடு பி.காம். படித்த நண்பனுக்குக் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. அவனுடைய அண்ணன் புது எஞ்சின் வாங்கவேண்டிய கட்டத்தில் இருந்தார். அவருக்காக ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்ட எண்கள்தான். டூ ஸ்ட்ரோக் நாளைக்கு 20 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் அதில் 6 லிட்டர் மிச்சம் பிடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 600 ரூபாய். டூ ஸ்ட்ரோக்குக்கு 50 லிட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் ஆயிலையும் கலக்க வேண்டும். அது நாளைக்கு 120 ரூபாய் போல வரும். ஆக 720. புது எஞ்சின் ஒன்றேகால் லட்சம் கூடுதல் விலை என்றாலும், அவ்வப்போது ஆயில் மாற்றும் செலவு போக, சுமார் 200 நாள் கடலுக்குப் போனால் வித்தியாசம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் எல்லாமே லாபம். 'பிரேக் ஈவன்' என்று கீழே கோடு போட்டு அனுப்பினேன்.

அண்ணன் போனில் வந்தார்.

"தம்பி, ஒனக்க கணக்கு கொள்ளாம். ஆனா கணக்குல அலை எங்க?"

"அலையா அண்ணே?"

"எங்க ஊர்ல ஹார்பர் கெடையாது. கரையில இருந்துதான் தள்ளி எறக்கணும். அலையை எண்ணிக்கிட்டே நிப்போம். பெரிய அலை மூணு நாலு போனப்புறம் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அதுக்குள்ள எஞ்சினை இழுத்து, முறுக்கி, தாண்டிரணும். அந்த எடத்துல எஞ்சின் ஒரு நிமிசம் யோசிச்சா வள்ளம் குறுக்க திரும்பிரும். அப்புறம் மிச்சம் புடிச்ச ஆறு லிட்டரை வச்சு என்ன செய்ய?"

திரும்பி வரும்போதும் அதே கதைதான். கரை தட்டும் நேரத்தில் எஞ்சினைத் தூக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் மணலில் குத்தி புரொப்பல்லர் போகும். அப்புறம் அதைக் கழற்றி, கம்பில் கட்டி, ரெண்டு பேர் தோளில் வீடு வரை சுமக்க வேண்டும். 40 குதிரைச் சக்தி டூ ஸ்ட்ரோக் சுமார் 70 கிலோ. அதே சக்தியில் ஃபோர் ஸ்ட்ரோக் 90 கிலோவுக்கு மேல். அந்த இருபது கிலோ காகிதத்தில் லேசாகத்தான் இருக்கும். மணலில் கால் புதையப் புதைய நடக்கிறவனுக்குத்தான் எடை தெரியும். போதாததற்கு ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கண்டபடி சாய்த்துப் போடக் கூடாது. அடியில் இருக்கும் ஆயில் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்விடும். டூ ஸ்ட்ரோக்கை மூட்டை மாதிரி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கிடத்தலாம். அலையில் கவிழ்ந்து உப்புத் தண்ணீர் குடித்தாலும் கழுவி, காயவைத்து, எண்ணெய் விட்டு எழுப்புவது சுலபம்.

"நடுக்கடல்ல நின்னா ப்ளக்கைக் கழட்டித் தொடச்சு, ரெண்டு இழுப்பு இழுத்தா வந்திரும். மத்ததுக்கு லேப்டாப்போட ஒரு ஆள் வரணும்லா?" என்றார்.

இந்தக் கடைசிப் பயத்தில் பாதிதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் அப்படி நினைத்தபோதெல்லாம் நிற்பதில்லை. டூ ஸ்ட்ரோக்கும் ஒன்றும் சாது அல்ல. அவசரத்தில் ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் இறுகிப்போய் உட்கார்ந்துவிடும். கூடக் கலந்தால் ப்ளக் கறுத்துப்போகும். ஆனால் அலையும் தோளும்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. குளச்சல், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் மாதிரி துறைமுகத்துக்குள் கட்டி வைக்கிறவர், வலை விட்டு மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டுகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஃபோர் ஸ்ட்ரோக் என்பேன். மெதுவாக ஓடும்போதுதான் அது அதிகம் மிச்சம் பிடிக்கும். காதும் பிழைக்கும். கரையிலிருந்து தள்ளுகிறவருக்கு டூ ஸ்ட்ரோக்தான்.

மூன்றாவதாக ஓர் ஆள் இந்தக் கதையில் இருக்கிறார்: மண்ணெண்ணெய்.

மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் கொடுக்கும் திட்டங்கள் உண்டு. அது பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். 24 லிட்டர் குடித்தாலும் 1200 ரூபாய். என் சிக்கனமான ஃபோர் ஸ்ட்ரோக் 14 லிட்டர் பெட்ரோலுக்கு 1400 ரூபாய்! கோடு போட்ட பிரேக் ஈவன், அலைக்குப் போகாமலே கவிழ்ந்துவிட்டது. எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது மீனவர் அல்ல, மண்ணெண்ணெய் விலைதான்.

விலை மாறினால் என்ன ஆகும்? 2022-ல் இலங்கையில் பார்த்தோம். முதலில் மண்ணெண்ணெயே கிடைக்காமல் வடக்குக் கரைகளில் படகுகள் மணலில் கிடந்தன. ஆகஸ்டில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே ராத்திரியில் 340 ரூபாய். கையில் இருப்பதோ மண்ணெண்ணெய் எஞ்சின். எதை விற்று எதை மாற்றுவது?

அதனால் என் கட்சி இது: எண்ணெய்க்குக் கொடுக்கிற மானியத்தில் ஒரு பகுதியை நல்ல எஞ்சின் வாங்கக் கொடுங்கள்; கரையில் தள்ளுகிற ஊர்களுக்குச் சின்னதாகவாவது இறங்குதளம் கட்டுங்கள். அலை தணிந்தால் அண்ணனுக்கும் என் கணக்கு பிடிக்கும்.

அதுவரைக்கும் அந்தக் கூடுதல் ஒன்றேகால் லட்சத்துக்கு எங்கே போவது? பேங்க்கில் ஜாமீன் கேட்பார்கள், மூன்று காப்பி கேட்பார்கள், மேனேஜர் லீவில் இருப்பார். கரையில் இருக்கும் வியாபாரி எதுவும் கேட்க மாட்டார். சாயங்காலமே பணம் தருவார். பிடிக்கிற மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எத்தனை வருஷம் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"கடன் தீருற வரைக்கும்" என்றார்.